காய்ந்த தரை

கிருபாபுரம் மிஷன் கோயிலில், அறுப்பு முடிந்து வரும் ஸ்தோத்திரப் பண்டிகையன்று வேதபுத்தகத்திலிருந்து முதலாம் பாடம் வாசிப்பது ஞானசிகாமணி வாத்தியாரின் உரிமை. மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆன பிறகும் அந்த உரிமையை யாரும் கேட்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் எழுத்துப் படித்தவர்கள். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வாயிலிருக்கும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம், புரட்டாசி மாதம். கார் அறுப்பு முடிந்து, கோயில் முழுக்க வாழைக்குலையும் பூசணியும் நெற்கதிர்க் கட்டுகளுமாக நிறைந்து கிடந்தது. வாத்தியார் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக மேடைப் படியேறி, கணீரென்று பாடத்தை வாசித்து முடித்தார். வேதபுத்தகத்தை மூடிவிட்டு இறங்கினார். மொத்தம் மூன்றே படிகள். இரண்டாவது படியில் இடது காலை வைக்கப் போனவருக்கு அங்கே படி இருப்பதுபோலவே தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த கணம் கோயில் தரையில் குப்புறக் கிடந்தார். தலைப்பாகை உருண்டு பூசணிக்காய்களுக்கு நடுவே போய் நின்றது. வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவர் காதில் விழுந்தது. முழங்கால் வலி பிறகுதான் தெரிந்தது.

சபைப் பெரியவர் நேசையா ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். "அண்ணாச்சி, என்ன ஆச்சு? தல சுத்திட்டா?"

"தல ஒண்ணும் சுத்தல," என்றார் வாத்தியார் வெடுக்கென்று. "தரையில தண்ணி. ஈரத்தோட விட்டுட்டுப் போயிருக்கா. யாரு இங்க தொடச்சது?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். விழுந்தபோது ஊன்றிய கை. அதில் தூசி அப்பியிருந்தது. கொஞ்சமும் ஈரமில்லாத வெள்ளைத் தூசி. அவர் கையை மூடிக்கொண்டார்.

கோயிலைப் பெருக்கித் துடைப்பது இசக்கியம்மா. கால்வாய்க்கு அக்கரையிலுள்ள சேரியிலிருந்து வருவாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், புருஷன் இல்லை. சபையைச் சேர்ந்தவளும் இல்லை. ஆனாலும் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணி போட்டுத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் தரையைக் கண்ணாடிபோல் ஆக்கிவைத்துவிட்டுப் போவாள். திங்கட்கிழமை காலையில் நேசையா ஆள் அனுப்பி, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மாரிக்கண்ணு என்ற இளவயதுப் பெண் துடைப்பத்தோடு கோயிலுக்குள் போனாள்.

இது வாத்தியாருக்குத் திங்கட்கிழமை மத்தியானமே தெரிந்துவிட்டது. சாப்பாடு போட்டுக்கொண்டே அவருடைய மனைவி சாரம்மாள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மோர் கேட்டார்.

உண்மையில் அவர் விழுந்தது அது முதல் தடவையும் அல்ல. ஆடி மாதத்தில் வயலுக்குப் போன இடத்தில் ஒரு தடவை, ஆவணியில் குளித்துவிட்டுப் படித்துறையில் ஏறும்போது ஒரு தடவை. இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சேறு பட்ட வேட்டியைத் தானே அலசிப் போட்டார். வாத்தியாருக்குக் கால் நிற்கவில்லை என்று ஊர் பேசுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கிழவர்கள் பையப் பைய நடந்து, கதவைப் பிடித்து, கம்பைப் பிடித்து, கடைசியில் பேரனின் தோளைப் பிடித்து நடப்பதை அவர் பார்த்திருக்கிறார். தான் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்வதைவிட, தண்ணீர் கிடந்தது என்று சொல்வது அவருக்கு லேசாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்காக ஒருத்தியின் வயிற்றில் அடித்துவிட்டோம் என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அதன் பிறகு அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். முழங்காலில் வாயு என்றார். கோயிலுக்கு மட்டும் சாரம்மாளோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டுக்குள் சுவரைப் பிடித்தே நடந்தார். நடக்காத காலுக்கு வலு ஏது? ஐப்பசி பிறப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து முக்க வேண்டியதாயிற்று. அவர் கை பட்டுப் பட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. சாரம்மாள் பத்தமடையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். காலை ரயில் செங்கோட்டைப் பக்கம் போன சத்தம் கேட்டதும் வாத்தியார் மாட்டுக்கு வைக்கோல் போடப் பின்பக்கம் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. திரும்பும்போது கால் பின்னிக்கொண்டது. தொழுவத்துக்கும் வேலிக்கும் நடுவே மல்லாக்க விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. புரட்டிப்போட்ட வண்டைப் போலக் கையையும் காலையும் உதறிப் பார்த்தார். வெட்கத்தில் கண்ணில் நீர் முட்டியது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. ஒரு ஆட்டை வைதுகொண்டே யாரோ போகிறார்கள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தவர், குரல் யாருடையது என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். இசக்கியம்மா. அவர் மூச்சுக்கூட விடாமல் கிடந்தார். குரல் தேய்ந்து போயிற்று. குளிருக்குப் போட்டிருந்த பழைய கோட்டைத் தாண்டி ஈரம் முதுகில் ஏறியது. மாடு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்றது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவள் அதே வழியில் புல்லுக்கட்டோடு திரும்பினாள். இந்தத் தடவை வேலி இடுக்கு வழியாக அவருடைய கால் அவள் கண்ணில் பட்டுவிட்டது. புல்லுக்கட்டைக் கீழே போடும் சத்தம் கேட்டது. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வாத்தியாரையா! எவ்வளவு நேரமாக் கெடக்கிய?"

"இப்பத்தான்," என்றார்.

அவள் அவருடைய கோட்டைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் அதில் ஊறி, ஓரத்தில் காயவும் தொடங்கியிருந்தது. அவர் கையை நீட்டினார், தூக்கிவிடுவாள் என்று.

"கைய நீட்டாதிய. நான் இழுத்தா ரெண்டு பேரும் விழுவோம். எங்கயாவது ஒடஞ்ச மாதிரி வலிக்கா? இல்லைலா? அப்போ சொல்லுதபடி செய்யுங்க. முதல்ல ஒருச்சாஞ்சு படுங்க. ம். இனி கைய ஊணி முட்டுக்கால் போடுங்க, பிள்ளைய தவழுத மாதிரி."

"தவழவா?"

"ஆமா, தவழுங்க. யாரு பாக்கா இங்கன? மாடு பாக்கும். அந்த உரல் வரைக்கும் தவழுங்க."

அறுபத்தெட்டு வயது தலைமை வாத்தியார் சேற்றில் நாலு காலில் தவழ்ந்தார். உரலை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். வலுவான காலை முன்னே ஊன்றச் சொன்னாள். "இப்ப எந்திங்க. பைய." எழுந்துவிட்டார். தலை சுற்றியது. சுற்றுவது நிற்கும் வரை அப்படியே உரல்மேல் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாலு வருசத்துக்கு முன்ன நாத்துக்கட்டோட வரப்புல விழுந்து இடுப்பு போயிட்டு. ரெண்டு மாசம் படுக்கை. எலும்பு கட்டுத மாடக்கண்ணு வைத்தியருதான் எந்திரிக்கப் படிச்சுக் குடுத்தாரு, நடக்கவும் படிச்சுக் குடுத்தாரு. கால் மறந்துபோவுமாம். திரும்பப் படிச்சுக் குடுத்தா படிச்சுக்கிடுமாம்."

புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சாரம்மாள் வந்து விஷயத்தைக் கேட்டதும் மறுநாளே இசக்கியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். "தொழுவம் பெருக்க எனக்கு முடியல, ஏளா. காலைல வந்துட்டுப் போ. அப்படியே வாத்தியாருக்கும் அந்த மாடக்கண்ணு சொன்னதையெல்லாம் சொல்லிக் குடு." ஒற்றை மாட்டுத் தொழுவம். அதைப் பெருக்க ஆள் தேவையில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து தொடங்கிற்று. பின்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். பிறகு கம்பியைப் பிடித்தபடியே ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அவள் தொழுவத்தைப் பெருக்கிக்கொண்டே எண்ணுவாள். நெல் அளக்கும் களத்தில் எண்ணிப் பழகியவள். ஒன்று என்று சொல்லமாட்டாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

முதல் நாள் மூன்றுக்கு மேல் அவர் கால் நிற்கவில்லை. பொத்தென்று ஊன்றிவிட்டார். தாமதமாக வந்த பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட வாசலில் ஒற்றைக்காலில் நிறுத்தியது அவருடைய வழக்கம். முதலாம் மணி முடியும் வரை நிற்க வேண்டும். கால் ஊன்றினால் பிரம்பு. அதை நினைத்ததும் காது மடல் சூடாகிவிட்டது.

"ஊணினா ஊணிக்கிடுங்க," என்றாள் இசக்கியம்மா. "திரும்பத் தூக்குங்க. கம்பிய விட்றாதிய."

பெஞ்சில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ வேண்டும். முதலில் உயரமான பெஞ்சு, பிறகு பள்ளிக்கூடத்துப் பழைய குட்டை முக்காலி. பத்து நாள் கழித்து, அவள் சாம்பலால் தரையில் ஒரு கோடு இழுத்தாள். ஒரு கை சுவரை ஒட்டியிருக்க, அந்தக் கோட்டின்மேல் ஒரு காலின் விரலை மற்றக் காலின் குதி தொடும்படி நடக்க வேண்டும். அடுப்படி வாசலில் நின்று பார்த்த சாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோட்டை விட்டு இறங்கவில்லை.

கார்த்திகை பாதியில் ஒற்றைக்காலில் பத்து எண்ணும் வரை நின்றார். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைத் தொடாமல் வீட்டுக்குள் நடந்தார். உடம்பில் தெம்பு ஏற ஏற மனசில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: இன்னும் கொஞ்சம் கால் உறுதிப்படட்டும். கோயிலில் அந்த மூன்று படியையும் யார் கையையும் பிடிக்காமல் ஏறி நின்று, நடந்ததைச் சபையார் முன்னால் சொல்லிவிடலாம். நிமிர்ந்து நின்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். அந்த நாள் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு காலையும் இசக்கியம்மா வந்து லாபம், ரெண்டு என்று எண்ணினாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு முழத் தூரம்கூட இருக்காது. சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் நேசையா வந்தார். கிறிஸ்துமஸுக்காகக் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள், அதற்கு யோசனை கேட்க. வாத்தியார் அவரைப் பின்பக்கத்து முற்றத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இசக்கியம்மா தொழுவத்திலிருந்து சாணிக்கூடையோடு வெளியே வந்தாள். நேசையாவைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

நேசையா முகம் சுளித்தார். "என்ன அண்ணாச்சி, இவளயா வேலைக்கு வச்சிருக்கிய? ஒங்களுக்கு இரக்க மனசு. ஆனா வயசான காலத்துல, பாத்துக்கிடுங்க. இவ தரைய ஈரமாப் போட்டு ஒங்கள ஒருதரம் கொன்னுருப்பா. கைவேல சுத்தமில்லாதவ. வீட்டுலயும் வழுக்கி விட்ருவா."

இசக்கியம்மா அசையாமல் நின்றாள். அவள் நேசையாவைப் பார்க்கவில்லை, வாத்தியாரைப் பார்த்தாள். முதல்முறையாக நேருக்கு நேர், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளையடிக்க சுண்ணாம்பு எங்கேருந்து வருது?" என்று நேசையாவைக் கேட்டார்.

அவள் சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நேசையா போன பிறகும் வாத்தியார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். சாரம்மாள் கீரை ஆய்ந்துகொண்டு அடுப்படி வாசலில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கீரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னாள்:

"அன்னைக்கு நான் முன் பெஞ்சுலதான இருந்தேன். தரை காஞ்சுதான கெடந்துது."

மூன்று மாதமாக அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், கூடவே கோயிலுக்கு நடந்திருக்கிறாள், தொழுவம் பெருக்க ஆள் தேடியிருக்கிறாள். வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடத்திய உபதேசியார் அறிவிப்புகளை வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து வாத்தியார் எழுந்தார். படியேறுவது பற்றியெல்லாம் நினைவே இல்லை. முன்னாலிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சபையாருக்கு ஒரு காரியம் சொல்லணும். பண்டிகையன்னைக்கு நான் விழுந்தபோது தரையிலே தண்ணீர் இல்லை. என் கால் நிக்கல. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இசக்கியம்மா பேரிலே பொய் சொன்னேன். அதனாலே அவள் வேலை போச்சு."

நேசையாவின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வயதிலும் இப்படியொரு தாழ்மையை நாம் பார்க்கிறோமே என்று ஆரம்பித்தார். அன்றைய பிரசங்கம் முழுக்க அதைப் பற்றியே போயிற்று. ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வந்து வாத்தியாரின் கையைப் பிடித்தார்கள். கிழவிகள் கன்னத்தைத் தடவினார்கள். யாருக்குமே இந்த மனசு வராது என்றார்கள். வீட்டுக்கு வரும்போது நெஞ்சு பஞ்சாக இருந்தது. மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாரம்மாள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள்.

திங்கட்கிழமை காலையில் இசக்கியம்மா வந்தாள். தொழுவத்தைப் பெருக்கி முடித்தாள். வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். அவள் எண்ணவில்லை.

"கோயில்ல சொன்னியளாமே," என்றாள். "மாரிக்கண்ணு சொன்னா."

"ஆமா இசக்கி. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்." குரலில் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பெருமையும்கூட இருந்தது. அது அவர் காதுக்கே கேட்டது.

"கோயில்ல நான் இருந்தனா?"

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா தெனமும் இங்கன நிக்குதேன். நீங்க விழாம இருக்கணும்னு பக்கத்துலயே நிக்குதேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. ஊர்க்காரங்ககிட்ட சொன்னிய, அவிய ஒங்களத் தூக்கிவச்சுப் பேசுதாவ. நேத்துச் சாயங்காலம் கடைத்தெருவுல அதான் பேச்சு. வாத்தியாரு எவ்வளவு பெரிய மனுசன்னு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். படலைத் திறந்துகொண்டு போனவள் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் வாத்தியார் காலையிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, கம்பை எடுத்தார். "நானும் வரட்டா?" என்றாள் சாரம்மாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

கோயில் தெரு தாண்டி, வயல் தாண்டி, கால்வாய் வரை ஒருமாதிரி நடந்துவிட்டார். அக்கரை போக இரண்டு பனந்தடியைச் சேர்த்துப் போட்ட பாலம்தான் உண்டு. மழைக்காலத்துத் தண்ணீர் கீழே கலங்கலாகச் சுழித்து ஓடிற்று. வாத்தியார் முதல் அடியை வைத்துப் பார்த்தார். தடி உருள்வதுபோல் இருந்தது. காலை எடுத்துவிட்டார். திரும்பிப் போய்விடலாம், பாலம் கடக்க முடியவில்லை என்று சாரம்மாளிடம் சொன்னால் நம்புவாள் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படியொரு எண்ணம் இன்னமும் தனக்கு வருகிறதே என்று அவமானமாகவும் இருந்தது.

அக்கரையில் ஒருவர் மடை வெட்டிக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தி என்ற விவசாயி. வாத்தியாரிடம் படித்தவர் அல்ல, முகப்பழக்கம் மட்டும்தான்.

"வே, மந்திரமூர்த்தி! கொஞ்சம் இங்கன வாரும். எனக்குக் கால் நிக்காது. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

இவ்வளவு சத்தமாக அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மந்திரமூர்த்தி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, முன்னால் பின்பக்கமாக நடந்தபடி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு அடியாகக் கடந்தார்கள்.

இசக்கியம்மா வீட்டு வாசலில் நின்று சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் சுளகு நிற்கவில்லை. அவர் கம்பை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டு நின்றார். கோயிலில் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"இசக்கி, தரை காஞ்சு கெடந்துச்சு. என் கையில தூசி ஒட்டியிருந்துச்சு, நான் பாத்தேன். தெரிஞ்சேதான் உன் மேல பழியப் போட்டேன். அன்னைக்குத் தொழுவத்துல விழுந்து கெடந்தப்போ, நீ முதத் தடவ போனதும் எனக்குத் தெரியும். கூப்புடாம கெடந்தேன்."

"அது எனக்குத் தெரியாது," என்றாள் அவள். சுளகை இறக்கினாள். "எதுக்காக என் மேல போட்டிய?"

"விழுந்தது வெட்கமா இருந்துச்சு."

"எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு. கடைக்குப் போனா, ஒன்னாலதான வாத்தியாரு விழுந்தாருன்னு கேட்டாவ. என் மக சுடலைவடிவு மாமியா வீட்டுல, ஒங்கம்மா கைவேல அப்படின்னு சொல்லிக் காட்டினாவளாம். அவ வந்து அழுதுட்டுப் போனா. பதினோரு வருசம் அந்தத் தரையத் தொடச்சிருக்கேன் வாத்தியாரையா. ஒரு நாள் ஈரமா விட்டதில்ல. ஒங்க வெக்கத்தத் தூக்கி என் தலையில வச்சிட்டு, நீங்க வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டிய."

அவர் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நின்ற இடத்திலேயே கால் நடுங்கத் தொடங்கிற்று. அவள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு முக்காலி எடுத்துவந்து போட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. செம்பில் நீராகாரம் கொடுத்தாள். குடித்தார்.

"தொழுவம் பெருக்க இனி நான் வரல," என்றாள் கடைசியாக. "அந்த வேலை பொய் வேலை. கால் பழகணும்னா நீங்க இங்கன வாங்க. பாலத்துக்கு மந்திரமூர்த்திகிட்ட சொல்லி வைக்கேன்."

கிறிஸ்துமஸ் முடிந்து தை மாதம் முழுவதும் வாத்தியார் தினமும் காலையில் கால்வாயைக் கடந்து சேரிக்குப் போனார். சபையில் சிலர் அதை விரும்பவில்லை. தாழ்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்றார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை. அங்கே அவள் வேலையைப் பார்த்துக்கொண்டே எண்ணுவாள்; அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவார். சில நாள் எண்ணுவதோடு சரி. சில நாள் மகளைப் பற்றிச் சொல்வாள். சுடலைவடிவின் மாமியார் வீட்டுக்கு வாத்தியாரே ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுல என்னய ரொம்பப் புகழ்ந்திருக்கு, அத எடுத்துருங்க. தரை காஞ்சிருந்துதுன்னு மட்டும் இருக்கட்டும்," என்றாள். எடுத்துவிட்டார்.

கோயில் வேலையைத் திரும்பத் தருவதாக நேசையா ஆள் அனுப்பினார். மாரிக்கண்ணு கைப்பிள்ளைக்காரி, அவளை எடுத்துவிட்டு எனக்கு வேண்டாம் என்று இசக்கியம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். பங்குனியில் மாரிக்கண்ணு புருஷனோடு குலசேகரன்பட்டினத்துக்குப் போன பிறகுதான் அவள் சம்மதித்தாள். அதுவும், அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியவர் தானே வந்து கூப்பிட வேண்டும் என்றாள். நேசையா வந்தார். வேப்பமரத்தடியில் வாத்தியார் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது என்ன அண்ணாச்சி, கொக்கு மாதிரி?" என்றார்.

"நீங்களும் நின்னு பாருங்க," என்றாள் இசக்கியம்மா.

நேசையாவுக்கு அறுபத்தொரு வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார். நாலு எண்ணுவதற்குள் மரத்தைக் கட்டிப்பிடித்துவிட்டார். பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. மறுநாள் அவரும் வந்தார். பிறகு அதே சேரியிலிருந்து, கண்பார்வை மங்கிய ஒரு கிழவரும், இடுப்பு வலிக்காரியான அவருடைய தங்கையும் வந்து சேர்ந்தார்கள்.

சித்திரை வெயில் ஏறுமுன்னே நாலு பேரும் மரத்தைச் சுற்றி நிற்பார்கள். வாத்தியார் இப்போது மரத்தைத் தொடாமல் இருபது வரை நின்றார். இசக்கியம்மா ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், காலைப் பார்த்து, தோளைப் பார்த்து, முகத்தைப் பார்த்துத் திருத்துவாள். அவர் முறை வரும்போது அவர் கண் தானாகவே தரைக்குப் போய்விடும்.

"வாத்தியாரையா, கீழ பாக்காதிய. கீழ பாத்தா சாய்ஞ்சிருவிய. நேரா என்னயப் பாருங்க," என்பாள்.

அவர் தலையைத் தூக்குவார். அவள் ஏழு, எட்டு எண்ணும் வரை அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் இன்னும் முடியவில்லை.